தள்ளுமுள்ளு என்றாய்

சுரேஷ்,

உன் கல்யாணப் பத்திரிகை நேற்று தபாலில் வந்தது. அம்மா நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறாள். போகிறபோதும் வருகிறபோதும் எடுத்துப் பார்க்கிறாள். முழுக்க இங்கிலீஷில் இருப்பதால் உன் பெயரையும் அந்தப் பெண்ணின் பெயரையும் மட்டும் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு மறுபடி வைத்துவிடுகிறாள். நீங்கள் இருவரும் நன்றாக இருங்கள். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இதற்குக் கீழே நான் எழுதப்போகிற எதிலும் இனிப்பாக ஒன்றும் இல்லை. கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்கு அப்பன் புத்தி சொல்லி எழுதுவது வழக்கம். கோபத்தை அடக்கு, சிக்கனமாக இரு, பெண்டாட்டி பேச்சைக் கேள் என்று என் அப்பா எனக்குச் சொன்னார். என்னிடம் ஒரே ஒரு புத்திதான் இருக்கிறது. வாயைத் திறப்பதற்கு முன்னால், கேட்டுக்கொண்டிருப்பது யார் யார் என்று ஒரு நிமிஷம் யோசி.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் நீ ஒரு வார்த்தை சொன்னாய். உனக்கு நினைவிருக்காது. அந்த வார்த்தையால் இந்த வீட்டில் என்ன நடந்தது என்று உனக்கு யாரும் சொல்லவும் மாட்டார்கள். அம்மா சொல்ல மாட்டாள், கல்யாணப் பிள்ளையின் மனசு நோகக் கூடாது என்பாள். உன் அண்ணன் பிரபு நிச்சயம் சொல்ல மாட்டான். ஆகவே நான் எழுதுகிறேன். உனக்குத் தெரிந்த விஷயங்களிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் தெரிந்தவற்றைத்தான் நீ மறந்திருக்கிறாய்.

அப்போது நாம் மேற்குத் தாம்பரத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். நான் பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓட்டிக்கொண்டிருந்தேன். நீ ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாய். பிரபு காலேஜில் கடைசி வருஷம். பல்லாவரத்திலிருந்து ஸ்கூட்டரில் வரும் ஆங்கிலோ இந்திய டிரில் மாஸ்டர் ஒருவர் சில பையன்களைச் சேர்த்து ரக்பி சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருந்தார். ஊரெல்லாம் கிரிக்கெட் ஆடும்போது உனக்கு மட்டும் எதற்குடா இந்த முட்டைப் பந்து என்று நான் பிரபுவைக் கேட்டேன். "கிரிக்கெட்ல நாள் பூரா நிக்கணும்பா. இதுல நிக்கவே விடமாட்டாங்க" என்று சிரித்தான். மாலையில் முழங்கை தோலுரிந்து, காது சிவந்து வருவான். சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் உப்பையும் மிளகையும் சின்னச் சின்ன குவியலாக வைத்து, யார் எங்கே நிற்பார்கள் என்று உனக்குக் காட்டுவான். அம்மா திட்டிக்கொண்டே அதைத் துடைப்பாள்.

அவனுக்கு வலது பக்கத்தில் நின்று ஆடியவன் ஜாகிர். காலேஜ் பையன் இல்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் அவனுடைய வாப்பாவுக்குக் கார் டிங்கர் பட்டறை இருந்தது. வேடிக்கை பார்க்க வந்தவனின் தோளைப் பார்த்துவிட்டு மாஸ்டர் உள்ளே இழுத்துக்கொண்டார். அந்த ஆட்டத்தில் ஸ்க்ரம் என்று ஒன்று உண்டு, உனக்கே தெரியும். எட்டுப் பேர் தோளோடு தோள் கோத்துக் குனிந்துகொண்டு, எதிரே அதே மாதிரி குனிந்திருக்கும் எட்டுப் பேரைத் தள்ள வேண்டும். முன் வரிசையில் நடுவில் இருப்பவன் பிரபு. அவனுடைய இரண்டு கைகளும் இரண்டு பக்கத்து ஆட்களின் தோளைச் சுற்றியிருக்கும். விழுந்தால் ஊன்றுவதற்குக் கை கிடையாது. பக்கத்து ஆள் நின்றால் அவன் நிற்பான். பக்கத்து ஆள் விழுந்தால் அவனும் விழுவான்.

ஐப்பசி மழை விட்ட மறுநாள், மைதானம் ஈரமாக இருந்தது. ஜாகிரிடம் ஆணி வைத்த பூட்ஸ் இல்லை, கேன்வாஸ் ஷூதான். அவன் கால் வழுக்கியது. முன் வரிசை அப்படியே சரிந்தது. பிரபுவின் தலை தரையில் குத்தி நிற்க, பின்னாலிருந்தவர்களின் பாரம் முழுவதும் அவன் கழுத்தில் இறங்கியது. நான் வண்டியைத் தாம்பரத்தில் நிறுத்தி இறங்கியபோது பிளாட்பாரத்தில் எனக்காக ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தான். யூனிஃபார்மோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வாசலில் தலைமுடி வரைக்கும் சேறு அப்பிக்கொண்டு ஜாகிர் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் காலைப் பிடித்துக்கொண்டான். "நான்தான் அங்கிள். என் காலு வழுக்கிச்சு" என்றான். உள்ளே பிரபு கண்ணைத் திறந்து வைத்திருந்தான். தண்ணீர் வேண்டும் என்றோ வலிக்கிறது என்றோ அவன் கேட்கவில்லை. "அவன் ஒண்ணும் பண்ணலப்பா. ஆட்டமே அப்படி. முரட்டு ஆட்டம். யாரா இருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும்" என்றான். அன்று எனக்கு அது காதில் விழுந்ததே தவிர மனதில் ஏறவில்லை.

வேலூருக்குக் கொண்டுபோனோம். நானும் அவனும் மாதக்கணக்கில் அங்கே கிடந்தோம். அம்மா திருநீர்மலைப் படி ஏறாத சனிக்கிழமை இல்லை. கடைசியில் தோளும் முழங்கையும் அசைந்தன, விரல்கள் அசையவில்லை, மார்புக்குக் கீழே ஒன்றுமே இல்லை. இனி இவ்வளவுதான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகு அவன் பேசுவதை நிறுத்திவிட்டான். அவனைப் பேச வைத்தது மருந்து இல்லை, நீதான். பழைய பேப்பர் கடையிலிருந்து, அமெரிக்க ஃபுட்பால் பற்றிய ஒரு விளையாட்டுப் பத்திரிகையைப் பொறுக்கிக்கொண்டு வந்தாய். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "அண்ணா, உங்க ரக்பியை விட இது கஷ்டமாம்ணா" என்று ஆரம்பித்தாய்.

அதன் பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் அதே சண்டைதான். "ரக்பில பந்து வச்சிருக்கிறவனைத்தான் பிடிக்கணும். இதுல பந்தே இல்லாதவனையும் மோதித் தள்ளலாம்ணா" என்பாய். "தலையில சட்டி, தோள்ல மெத்தை. அதெல்லாம் மாட்டிக்கிட்டா நம்ம அம்மாவே ஆடுவாங்கடா" என்பான் பிரபு. அவன் அதை முதல்முறை சொன்னபோது சமையலறையில் அம்மா சிரித்தாள். அந்த விபத்துக்குப் பிறகு அவள் சிரித்து நான் கேட்டது அன்றுதான். நீ விடமாட்டாய். "கவசம் இருக்கிற தைரியத்துலதான் முழு வேகத்துல மோதுறாங்க. அதனால அடி இன்னும் பலமா விழும்." அவன், "ஒரு மோதல், உடனே விசில். எழுந்து, கூடிப் பேசி, மூச்சு வாங்கிட்டு மறுபடி வருவாங்க. அடிக்கிறவன் ஒருத்தன், தடுக்கிறவன் வேற ஒருத்தன். எங்களுக்கு மாத்து ஆளே கிடையாது. ரத்தம் வந்தாலும் துடைச்சிக்கிட்டு ஓடணும்" என்பான். கடைசியில் நீ பெருமூச்சு விட்டு, "சரிண்ணா, ரக்பிதான் கஷ்டம்" என்று ஒத்துக்கொள்வாய். ஒருநாள் நான் வாசலில் நின்று பார்த்தேன். அந்தப் பத்திரிகையில், தலைக்கவசத்தோடு ஒருவனை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போகும் படம் இருந்தது. அதைக் காட்டியிருந்தால் நீ ஜெயித்திருக்கலாம். நீ அந்தப் பக்கத்தை மட்டும் அவனுக்குத் தெரியாமல் புரட்டிவிட்டாய். பதினைந்து வயசுப் பிள்ளைக்கு அவ்வளவு மனசு இருந்தது. அதைப் பார்த்தவன் என்பதால்தான் இன்று எனக்கு ஆறவில்லை.

நீ படித்தாய், அமெரிக்கா போனாய். போ என்று சொன்னவனே பிரபுதான். நான் ரிடையராகி ஊரப்பாக்கத்தில் இந்த வீட்டைக் கட்டினேன். கூட ஆடிய மற்றவர்கள் முதல் வருஷம் வந்தார்கள், அடுத்த வருஷம் தீபாவளிக்கு மட்டும் வந்தார்கள், பிறகு நின்றுவிட்டார்கள். ஜாகிர் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பட்டறையை மூடிவிட்டு வருவான். பிரபுவை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டுபோய்க் குளிப்பாட்டுவான், தலை துவட்டுவான், சவரம் செய்துவிடுவான். மற்ற நாட்களில் நானும் அம்மாவும் படுக்கையிலேயே துடைத்துவிடுவோம். எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆன பிறகு தூக்கக் கூடாது என்றுவிட்டார்கள். வாரத்துக்கு ஒருநாள் தலையில் முழுசாகத் தண்ணீர் விழுவது அவனுக்கு எவ்வளவு பெரிய சந்தோஷம் என்று நல்ல கை கால் இருக்கிற நமக்குப் புரியாது. ஜாகிருக்குக் கல்யாணம் ஆயிற்று, குழந்தைகள் பிறந்தன. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாறவில்லை.

போன மாதம் நீ போன் செய்தபோதும் ஜாகிர் அறையில் இருந்தான். பிரபுவால் ரிசீவரைப் பிடிக்க முடியாது என்று ஸ்பீக்கர் வைத்த போனை வாங்கி வந்து மாட்டியவனே அவன்தான். பிரபுவின் ஒரு கன்னத்தில் சவரம் முடிந்து மறு கன்னத்தில் சோப்பு நுரை இருந்தது. நீ உற்சாகமாகப் பேசிக்கொண்டே போனாய். பெண்ணின் தம்பி காலேஜ் டீமில் அந்த அமெரிக்க ஃபுட்பால் ஆடுகிறான், அவனுடைய மேட்சுக்குப் போயிருந்தேன் என்றாய். "நேர்ல பாத்தா நம்ப மாட்டீங்கப்பா. லாரியும் லாரியும் மோதற மாதிரி சத்தம் கேக்குது. ஹெல்மெட் போட்டும் மண்டை கலங்கிப் போயிடுறாங்க. இதைப் பாத்தப்புறம் தோணுது, நம்ம ஊர்ல ரக்பின்னு ஆடினதெல்லாம் சும்மா தள்ளுமுள்ளுப்பா" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாய். ஜாகிரின் கையில் ரேசர் அப்படியே நின்றது. நீயோ ஒன்றும் நடக்காதது போல, "அண்ணன் பக்கத்துல இருக்கானா?" என்று கேட்டாய். "கேக்குதுடா. கல்யாண வேலை எல்லாம் எப்படிப் போகுது?" என்றான் பிரபு. குரலில் ஒரு சின்ன மாற்றம்கூட இல்லை.

நீ போனை வைத்த பிறகு ஜாகிர் மறு கன்னத்தையும் முடித்தான். முகத்தைத் துடைத்துவிட்டான். ரேசரைக் கழுவி வைத்தான். பிறகுதான் கேட்டான்: "தள்ளுமுள்ளுதானா மச்சான் அது?"

"அவனுக்கு என்னடா தெரியும்? ஒருநாளாவது ஆடியிருப்பானா?" என்றான் பிரபு.

"அவன் படிச்சவன். ரெண்டு ஊரையும் பாத்துகினு கீறான். முரட்டு ஆட்டம், யாரா இருந்தாலும் கழுத்து போயிருக்கும்னு நீ சொல்லிகினே இருந்த. நானும் அதை நம்பி வந்து போய்கினு இருந்தேன். அது வெறும் தள்ளுமுள்ளுன்னா, அப்பால ஆட்டத்து மேல இன்னா தப்பு மச்சான்? என் காலுதானே வழுக்கிச்சு?"

பிரபு அவனை நாலைந்து தடவை கூப்பிட்டான். ஜாகிர் திரும்பவில்லை. மோட்டார் சைக்கிள் கிளம்பும் சத்தம் கேட்டது.

அவ்வளவு வருஷமும் நான் வேறு மாதிரி நினைத்திருந்தேன். தன்னை உடைத்த ஆட்டம் உலகத்திலேயே கஷ்டமான ஆட்டமாக இருக்க வேண்டும் என்பது பிரபுவின் கௌரவம் என்று நினைத்தேன். அன்றுதான் புரிந்தது, அதை அவன் தனக்காகப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. ஆட்டம்தான் காரணம் என்று இருக்கிற வரைக்கும் ஜாகிர் காரணம் இல்லை. ஆஸ்பத்திரியில் சேறோடு படுத்துக்கொண்டு சொன்ன முதல் வார்த்தையிலிருந்து அவன் கட்டிவந்த சுவர் அது. நீயும் தினமும் தோற்றுத் தோற்று, தெரிந்தோ தெரியாமலோ, அந்தச் சுவருக்குக் கல் எடுத்துக் கொடுத்தாய். ஏன் இத்தனை நாள் என்னிடம் சொல்லவில்லை என்று அவனைக் கேட்டேன். "நான் ஒருத்தன் படுத்திருக்கேன்ல. அது போதாதா? ரெண்டு பேரு எதுக்குப்பா?" என்றான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜாகிர் வரவில்லை. பிரபு காலையிலிருந்து வாசல் பக்கம் முகத்தைத் திருப்பி வைக்கச் சொன்னான். ரோட்டில் எந்த வண்டி போனாலும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டான். பக்கத்து வீட்டுக்காரரைத் துணைக்கு அழைத்து நான் தூக்கப் பார்த்தேன். பாத்ரூம் வாசல்படியில் பிரபுவின் குதிகால் இடித்து ரத்தம் வந்தது. அவனுக்கு வலி தெரியவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் முகம் வெளுத்துப் போனதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். அதற்கடுத்த வாரமும் ஜாகிர் வரவில்லை. நான் வண்டலூர் பஸ் பிடித்துப் பட்டறைக்குப் போனேன். ஓர் அம்பாசிடர் கதவைக் கழற்றிப் போட்டு ஒடுக்கு எடுத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

"உன் மேல யாருக்கும் கோபம் இல்லப்பா. ஒருநாளும் இருந்ததில்ல" என்றேன்.

"தெரியும் அங்கிள். திட்டியிருந்தா தேவலாம். முன்னெல்லாம் அவனைத் தூக்கசொல்ல ஒண்ணும் தோணாது. இப்ப இந்தக் கையால தூக்கினா எங்கனா மறுபடி வழுக்கிடுமோன்னு பேஜாரா கீது. கனவுல கூட வழுக்குது" என்று உள்ளங்கைகளை விரித்துக் காட்டினான்.

நான் திரும்பி வந்து பிரபுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். போன வருஷம் நீ அனுப்பிய அமெரிக்க ஃபுட்பால் மேட்ச் வீடியோ கேசட்டைப் பார்க்க வேண்டும் என்றான். அமெரிக்காவின் கேசட் நம் வீட்டு டெக்கில் ஓடாது என்று பீரோவிலேயே கிடந்தது. "ஜாகிர்கிட்ட டெக் கேளுங்கப்பா. வேலைன்னு சொன்னா வருவான்" என்றான். சொன்னபடியே வந்தான். பர்மா பஜாரில் யாரிடமோ இரவல் வாங்கிய டெக்கைக் கொண்டுவந்து மாட்டினான். மாட்டியதும் கிளம்பப் பார்த்தவனை, "ஒரு பத்து நிமிஷம் பாத்துட்டுப் போடா" என்று பிரபு உட்கார வைத்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காராமல் நிலைப்படி ஓரமாக உட்கார்ந்தான்.

படம் ஓட ஓட பிரபு சிரித்துச் சிரித்துப் பேசினான். "பாருடா, ஒரு தடவை விழுந்துட்டு எவ்ளோ நேரம் நிக்குறான். இதுக்குள்ள நாம மைதானத்தை ரெண்டு சுத்து ஓடியிருப்போம். அந்தத் தடியனைப் பாரு, மூச்சு வாங்க வெளியே போறான். நீ என்னைக்காவது வெளியே போயிருக்கியா? உடம்புல என்னடா போட்டிருந்தோம்? ஒரு பனியன்." ஜாகிர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். அப்போது திரையில், பந்துக்காகக் கையைத் தூக்கி எம்பிய ஒருவனை, எதிரிலிருந்து முழு வேகத்தில் ஓடிவந்தவன் தலைக்கவசத்தாலேயே மோதினான். விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. கால் ஒரு பக்கமாக மடங்கிக் கிடந்தது. ஆட்கள் ஓடிவந்து சுற்றி மண்டியிட்டார்கள். பிரபு கண்ணை மூடிக்கொண்டான். மறுபடி திறந்தபோது குரலை உயர்த்தி, "என்ன இருந்தாலும் நம்மளதுதான்டா கஷ்டம்" என்றான். "ஆமா மச்சான், நம்மளதுதான்" என்றான் ஜாகிர். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஜாகிர் போன பிறகு பிரபு டெக்கை நிறுத்தச் சொன்னான். "சுரேஷ் சொன்னது சரிதான்பா" என்றான். "நாங்க கையால கட்டிப் பிடிச்சுத்தான் கீழ சாய்க்கணும். இவங்களுக்கு அது கிடையாது. உடம்பையே குண்டு மாதிரி எறியுறாங்க. நாங்க நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமா வாங்குறதை இவங்க ஒரே அடில வாங்குறாங்க. ரெண்டும் வேற வேற கஷ்டம். ஆனா அடின்னு பாத்தா இதுதான்." பிறகு, "அப்பல்லாம் அவன் வேணும்னேதான் தோத்துக்கிட்டு இருந்தான், எனக்குத் தெரியும். இப்ப அவனுக்குத் தோக்க வேண்டிய அவசியம் இல்லப்பா. பெரியவனாயிட்டான்" என்றான். உன்னைக் குறை சொல்லி அவன் சொல்லவில்லை. பெருமையாகத்தான் சொன்னான். எனக்கு அதைவிட அவன் உன்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

என்னைக் கேட்டால் எனக்கு இரண்டு ஆட்டமும் ஒன்றுதான். கஷ்டத்தை அளக்கிறவர்கள் எல்லாரும் மோதுகிற அந்த ஒரு நொடியைத்தான் அளக்கிறார்கள். யார் வேகமாக வந்தான், யார் எழுந்து நின்றான், கவசம் இருந்ததா இல்லையா. விசிலுக்குப் பிறகு வருகிற வருஷங்களை யாரும் எந்தப் பக்கத்திலும் சேர்ப்பதில்லை. படுக்கைப் புண் வராமல் ராத்திரியில் எழுந்து எழுந்து புரட்டிப் போடுகிறவளை எந்த ஆட்டத்தில் சேர்ப்பது? உன் மச்சினனுக்கும் ஓர் அம்மா இருப்பாள். மேட்ச் நடக்கும்போது அந்த அம்மாளின் முகத்தை ஒருமுறை பார். லாரி மோதுகிற சத்தம் உனக்கு வேறு மாதிரி கேட்கும்.

இப்போது ஜாகிர் மறுபடி வருகிறான். ஆனால் தூக்குவதில்லை. கூலிக்கு ஓர் ஆளை அழைத்து வருகிறான், நாங்கள் வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை. அந்த ஆள் நல்லவர்தான், வேலை தெரிந்தவர். அவர் குளிப்பாட்டும்போது ஜாகிர் வெளியே கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். முன்பெல்லாம் பாத்ரூமிலிருந்து இரண்டு பேரின் சத்தமும் தெருமுனை வரைக்கும் கேட்கும், பழைய மேட்ச், பழைய கெட்ட வார்த்தை எல்லாம் கலந்து. இப்போது தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. பிறகு ஜாகிர் உள்ளே வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, அம்மா கொடுக்கும் டீயைக் குடித்துவிட்டு, "வரேன் மச்சான்" என்று போகிறான்.

உன் கல்யாணத்துக்கு அம்மா வருவாள். ஜாகிர் ஒரு மாதம் பிரபுவைப் பார்த்துக்கொள்வான், நாம் இருவரும் போய்விட்டு வரலாம் என்று முன்பு அவளிடம் நான்தான் சொல்லியிருந்தேன். இனி அந்தப் பேச்சுக்கு இடமில்லை. நான் வரவில்லை. அதற்காக நீ வருத்தப்பட்டுக் கடிதம் எழுத வேண்டாம். பிரபுவுக்குப் போன் செய்து ரக்பிதான் கஷ்டம் என்று சொல்லவும் வேண்டாம். அது அவனுக்குத் தேவைப்பட்டதே இல்லை.

எழுதுவதானால் ஜாகிருக்கு எழுது. தமிழில் எழுது, கூட்டெழுத்தாக இல்லாமல் பெரிதாக எழுது, அவன் மெதுவாகத்தான் படிப்பான். என்ன எழுதுவது என்று என்னைக் கேட்காதே. பட்டறையில் அவன் எதிரே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தும் எனக்கு ஒரு வார்த்தை அகப்படவில்லை.

அப்பா